மூன்றாவது முடிச்சு

இ.எஸ்.ஆர். ஏறிவிட்டது என்பதற்காக லட்டு கொடுத்த ஒரு வார்டில் நான் இருந்திருக்கிறேன். ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். ரத்த அணுக்கள் குழாயில் எவ்வளவு வேகமாகப் படிகின்றன என்று பார்க்கும் சோதனை அது. எண் கூடினால் உடம்பில் அழற்சி கூடியிருக்கிறது என்று முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். அது ஏறினால் எல்லோர் முகமும் தொங்கும். இறங்கினால் யாராவது காபி வாங்கித் தருவார்கள். நாங்கள் மட்டும் அது ஏறியதற்கு லட்டு தின்றோம்.

ஓய்வு பெற்றவர்கள் எழுத உட்கார்ந்தால் "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பித்து உயிரை எடுப்பார்கள். பயப்படாதீர்கள். மாதிரியை எப்படி உறைய வைப்பது, எந்தக் கருவியை எப்படித் துடைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது பூவிழி என்ற ஒரு சின்னப் பெண்ணைப் பற்றித்தான். அவளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது.

முதலில் என்னைப் பற்றி. நான் காஞ்சிபுரம் பக்கத்துத் தென்னேரிக்காரி. அப்பா ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர். டாக்டருக்குப் படித்தேன், ஆனால் நோயாளிகளிடம் பேசும் பொறுமை எனக்கு இல்லை என்று தெரிந்ததும் ஆய்வகத்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன். சென்னையில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் மேல்மாடியில் எங்கள் ஆய்வகம் இருந்தது. மூட்டு வாதம் கிழவர்களின் சொத்து என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிறது. பால்பல் விழாத குழந்தைக்கும் அது வரும். அதில் ஒரு வகை மூட்டோடு நிற்காது. தினமும் காய்ச்சல் அடிக்கும், தோல் தடிக்கும், கல்லீரல் வீங்கும்.

அப்படிப்பட்ட குழந்தையின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்த அணுக்கள் மேல் விட்டால், சும்மா கிடந்த அணுக்கள் பதறிப்போய் ஓர் அபாயச் செய்தியைச் சுரக்கத் தொடங்கும். இன்டர்லூகின் ஒன்று என்பது அதன் பெயர். வெளிநாட்டில் சிலர் கண்டு சொன்ன இந்த விஷயம் நம் குழந்தைகளுக்கும் பொருந்துகிறதா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை அளக்கும் சோதனைத் தட்டின் சிறு குழிகளில் கடைசியாக மஞ்சள் நிறம் வரும். செய்தி அதிகமானால் மஞ்சளும் அடர்த்தியாகும். பல வருஷங்கள் எனக்கு நோய் என்றால் அந்த மஞ்சள்தான். அதற்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது என்பது மூளைக்குத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் தலைமை மருத்துவரின் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். சார் என்றே சொல்கிறேன். அவர் வைத்திருந்த ஒரு பழக்கம் எங்களுக்கெல்லாம் பெரிய தொல்லை. சோதனை முடிவு வந்ததும் அதைத் திறக்க விடமாட்டார். "மொதல்ல கொழந்தையைப் போய்ப் பாரு. முடிவு என்னவா இருக்கும்னு வாய் விட்டுச் சொல்லு. அப்புறம் தெற" என்பார். சொன்னதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் பேசமாட்டார். வேறாக இருந்தால், அதுவும் நாம் ஆசைப்பட்ட பக்கமாக வேறாக இருந்தால், நாற்காலியை விட்டு எழுந்து, "நம்பாதே, மறுபடி பாரு" என்பார். எனக்கு இது குறி கேட்பதுபோல் இருந்தது. ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவள் எதற்குக் கீழே இறங்கி வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்குவேன்.

காஞ்சிபுரத்தில் அமாவாசைதோறும் ஒரு முகாம் நடத்தினோம். ஏன் அமாவாசை என்று சென்னைக்காரர்கள் கேட்பார்கள். அன்றைக்குத்தான் தறி ஓடாது. மற்ற நாளில் தறியில் உட்கார்ந்தவரை எழுப்பி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்றால் வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்த்தோம், ஈ ஓட்டினோம். அமாவாசைக்கு மாற்றியதும் வாசல் வரைக்கும் கூட்டம்.

ஓர் அமாவாசை காலையில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஏகாம்பரம் என்ற நெசவாளரும் அவர் மனைவி சுமதியும் மகளை அழைத்து வந்தார்கள். அதுதான் பூவிழி. மூன்றாம் வகுப்பு. கொஞ்சம் நொண்டினாள், மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன. மற்றபடி வாய் ஓயவில்லை.

"காலையில இப்டித்தான் ஆடிக்கினு இருக்குதுமா. சாயங்காலம் ஆனா ஒடம்பு அனலா கொதிக்குது. எந்த டாக்டராண்ட போனாலும் காலையில பாத்துட்டு, ஒண்ணுமில்ல, ஸ்கூலுக்குப் போவாம இருக்க நடிக்குதுன்றாங்க" என்றார் சுமதி. சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் ஒண்ணும் நடிக்கல" என்றாள் பூவிழி.

சார் அவளைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் இங்கயே இரு. உன் காய்ச்சலை நான் பாக்கணும்" என்றார். எல்லோரும் போன பிறகும் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அன்று சென்னையில் வேலை கிடந்தது, எரிச்சலாகத்தான் இருந்தது. வெயில் சாய்ந்ததும் பூவிழியின் பேச்சு நின்றது. தாயின் மடியில் சுருண்டாள். தெர்மாமீட்டர் ஏறிக்கொண்டே போனது. சார் அவள் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி என்னைக் கூப்பிட்டார். காலையில் ஒன்றுமில்லாத அந்த மாநிறத் தோலில், கண் பழகினால் மட்டும் தெரிகிற வெளிர் ரோஜா நிறத் திட்டுகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கைக்கு மேலும் வந்தன. காய்ச்சல் இறங்க இறங்க அவை ஒவ்வொன்றாக மறைந்தன. என் தட்டில் வரும் மஞ்சள் ஒரு குழந்தையின் தோலில் ரோஜா நிறமாக வந்து போவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பயமும் பிரமிப்புமாக இருந்தது. அதன்பிறகு எந்தத் தட்டையும் நான் பழையபடி பார்க்கவில்லை.

அவளைச் சென்னைக்கு அழைத்து வந்து சேர்த்தோம். ஸ்டீராய்டு கொடுத்தால் காய்ச்சல் அடங்கியது, குறைத்தால் திரும்பி வந்தது. முகம் பூசணிக்காய் ஆயிற்று. பெற்றோர் சம்மதத்தோடு கூடுதலாக ஒரு குழாய் ரத்தம் எடுத்து மேலே கொண்டுபோனேன். குழியில் அவ்வளவு அடர்ந்த மஞ்சளை நான் அதுவரை கண்டதில்லை. அந்த அபாயச் செய்தி போய் உட்காரும் இடத்தில் தானே முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும் மருந்து ஒன்று வெளிநாட்டில் இருந்தது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலைதான். அதை வரவழைக்க சார் ஏற்பாடு செய்தார். எங்களில் யாரும் அதை அதுவரை ஒரு குழந்தைக்கும் போட்டதில்லை.

இதற்கிடையில் பூவிழிக்கு ஒரே கவலை. அவளுடைய பெரியப்பா மகனுக்குப் பங்குனி உத்திரத்தன்று ஏகாம்பரநாதர் கோயிலில் கல்யாணம். அவனுக்கு உடன்பிறந்த பெண் இல்லை. வீட்டில் ஒரே பெண் பிள்ளை இவள்தான். ஆகவே நாத்தனார் முறைக்கு இவள்தான் நிற்க வேண்டும். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மிச்சம் இரண்டும் நாத்தனார் போட வேண்டும்.

"ரெண்டாவது முடிச்சு ஈஸி. மூணாவதுதான் இறுக்கணும். அது அவுந்தா நான்தான் திட்டு வாங்கணும்" என்று எனக்கு விளக்கினாள்.

வீங்கிய மணிக்கட்டை வைத்துக்கொண்டு எப்படி முடிச்சுப் போடுவது? நர்ஸிடம் கட்டுத் துணி நாடா ஒன்று கேட்டு வாங்கினாள். தினமும் காலையில் அதைக் கட்டில் கம்பியில் கட்டிப் பழகுவாள். விரல் மடங்காது. பல்லால் இழுப்பாள். நான் சாரின் உத்தரவுப்படி கீழே இறங்கி வரும்போது, கம்பியில் ஒரு கோணல் முடிச்சு தொங்கிக்கொண்டிருக்கும். லேசாகத் தொட்டாலே அவிழ்ந்துவிடும். "இன்னிக்கும் பெயில்" என்று அவளே சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

கல்யாணம் நெருங்கிய ஒரு நாள் மத்தியானம் இளம் டாக்டர் அருண் படியேறி மேலே ஓடி வந்தார். நல்ல பையன், சூட்டிகை, கொஞ்சம் அவசரம். "மேடம், பூவிழிக்கு இ.எஸ்.ஆர். பாதிக்கும் கீழ எறங்கிடுச்சு! ஸ்டீராய்டு வேல செய்யுது. கல்யாணத்துக்கு அனுப்பிடலாம்னு அவங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

சார் ஒரு கூட்டத்தில் இருந்தார். அருணின் வாயிலிருந்து எண்ணைக் கேட்பதற்கு முன்பே, காலையில் வழக்கம்போல் குழந்தையைப் பார்த்துவிட்டு "இன்று ஏறியிருக்கும்" என்று நர்ஸிடம் சொல்லியிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தேன். காலையில் கம்பியில் முடிச்சு இல்லை. நாடா படுக்கையில் கிடந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்து வந்துவிட்டேன்.

"அருண், இது சரியில்லை. வா, கீழே போகலாம்."

"மேடம், எண்ணே நல்லா வந்திருக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாங்க" என்று சிரித்துக்கொண்டே கூட வந்தார்.

பூவிழி கண்ணைத் திறக்க மறுத்தாள். எழுப்பினால் முனகினாள். சாயங்காலம் வந்து போகும் காய்ச்சல் இப்போது இறங்காமல் நின்றிருந்தது. ஈறில் ரத்தக் கசிவு. அருணின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவரே ரத்தம் எடுத்தார், அவரே ஓடினார். ரத்தக் கசிவை அடைக்கும் தட்டணுக்கள் சரிந்திருந்தன. ரத்தம் உறைவதற்கு உடம்பு வைத்திருக்கும் புரதமும் தீர்ந்துகொண்டிருந்தது.

அந்தப் புரதம் இருந்தால்தான் அணுக்கள் குழாயில் சீக்கிரம் படியும். நோய் புயலாக மாறி அதைத் தின்று தீர்த்துவிட்டால், படியும் வேகம் குறையும். காகிதத்தில் எண் அழகாக இறங்கும். குழந்தை செத்துக்கொண்டிருக்கும்போது இ.எஸ்.ஆர். இறங்குகிற நோய் இது. நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டென்றால், அது இந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுவதுதான். அவளை அன்று அனுப்பியிருந்தால் கல்யாண வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சார் வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் வந்தார். வரவழைத்த மருந்து முந்தைய வாரமே வந்து குளிர்பெட்டியில் இருந்தது. அதில் ஒரு துளியை அவள் ரத்த நீரோடு தட்டில் விட்டுப் பார்த்திருந்தேன், மஞ்சள் வெளிறியிருந்தது. அதைப் போடுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. "இது தொற்றாவும் இருக்கலாம். எதிர்ப்புச் சக்தியை அமுக்குற மருந்தைப் போட்டா அப்புறம் என்னால காப்பாத்த முடியாது. ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர் முடிவு வரட்டும்" என்றார் அந்த டாக்டர். அவர் சொன்னதில் பிழையே இல்லை. காத்திருக்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை. சார் அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். "தொற்றுக்கும் மருந்து போடலாம், ஸ்டீராய்டையும் கூட்டலாம், இதையும் போடலாம். காத்திருக்கறதுக்கு மட்டும் நமக்கு நேரமில்ல" என்றார். பிறகு ஏகாம்பரத்தை அழைத்தார்.

ஏகாம்பரம் புது வேட்டியோடு வந்திருந்தார், மகளை அழைத்துப்போக. சார் சொன்னதைக் கேட்டதும் கொதித்துவிட்டார். "மத்தியானம் நல்லாயிட்ச்சுன்னீங்க. இப்ப உசுருக்கே ஆபத்துன்றீங்க. எதைபா நம்பறது?"

"மத்தியானம் எங்களுக்குத் தெரியல. இப்பத் தெரியுது" என்றார் சார். அருண் தலைகுனிந்து நின்றார். தான் சொன்னதற்கு அவரே மன்னிப்புக் கேட்டார்.

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானேமா எம்பொண்ணு ரத்தத்த மேல எடுத்துக்கினு போறவங்க? இந்த மருந்து அவளுக்குக் கேக்குமா? பாத்தீங்களா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மருந்து கேட்குமென்று நான் மனதார நம்பினேன். கேட்கும் என்று சொன்னால் அவர் உடனே சம்மதிப்பார், நேரம் மிச்சமாகும், என் நம்பிக்கையும் பொய்யில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நான் பார்த்தது தட்டைத்தான்.

"அவ ரத்தத்துல கெடக்கிற அந்தத் தப்பான சேதியை இந்த மருந்து நிறுத்துறதை நான் பாத்தேன். ஆனா அது மேல, தட்டுல. அவ உடம்புல என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. நிக்கலாம். நிக்காமலும் போகலாம். போடாம இருந்தா அதைவிட மோசம்னுதான் எனக்குத் தோணுது."

சுமதி கட்டிலில் கிடந்த நாடாவை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"போடுங்க" என்றார் ஏகாம்பரம். "ஆனா நீங்க மேல போவக்கூடாது. இங்கியே இருங்க."

நோயாளிகளிடமிருந்து தப்பித்து ஓடியவள் நான். அன்று அந்தக் கட்டில் பக்கத்தில் போட்ட இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். மருந்து போட்டார்கள், தொடர்ந்து போட்டார்கள். அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காலையிலும் பெரிய மாற்றமில்லை. மோசமாகவில்லை என்பதே எங்களுக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் வெயில் சாயும் நேரம் வந்தது. எத்தனையோ மாதமாக அவளைச் சுருட்டிப் போட்ட நேரம் அது. சுமதி மகளின் நெற்றியில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். தன் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீண்டும் நெற்றியில் வைத்தார்.

"ஜில்லுன்னு இருக்குதுமா" என்றார், ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல.

நானும் தொட்டேன். உங்களில் யாருக்காவது இது வாய்க்க வேண்டும் என்று மனசார வேண்டிக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போய் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அது உட்காரும் என்று முன்பின் தெரியாத யார் யாரோ, எங்கெங்கோ, எத்தனையோ வருஷம் தட்டுகளைப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். அதனால் சின்ன காஞ்சிபுரத்துப் பெண் ஒருத்தியின் நெற்றி சாயங்காலத்தில் குளிர்ந்திருந்தது. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

அதன்பிறகு தட்டணுக்கள் மெல்ல ஏறின. தீர்ந்த புரதம் ஊறியது. ஒருநாள் இ.எஸ்.ஆர். மறுபடி ஏறி வந்தது. அருண் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வார்டு முழுக்கச் சுற்றினார். லட்டு அவர் வாங்கியதுதான். தீவிர சிகிச்சை டாக்டர் இரண்டு தின்றார்.

கல்யாணத்துக்கு அவளால் போக முடியவில்லை. பங்குனி உத்திரத்தன்று கட்டிலில் படுத்தபடி போனில் பார்த்தாள். கூட்டத்தில் யாரோ தூக்கிப் பிடித்த போன். பாதி நேரம் கோபுரமும் ஆட்களின் தலையும்தான் தெரிந்தன. இரண்டாவது, மூன்றாவது முடிச்சுகளைப் பெரியம்மா போட்டார். பூவிழி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் அந்தப் புதுப்பெண் ரேவதி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் பளபளவென்று இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து பூவிழியின் காதருகே குனிந்தாள். "இந்தாடி நாத்தனாரு. ஆடிப்பெருக்குக்கு இந்தக் கயிறப் பிரிச்சுப் புதுசா கோக்கணும். பெரியவங்கதான் கட்டுவாங்களாம். நான் முடியாதுன்னு சொல்லிட்டேன். மூணாவது முடிச்சு நீதான் போடற. அதுக்குள்ள கை சரியாவலன்னா ஒன்னை விடமாட்டேன்."

பூவிழி அம்மாவைப் பார்த்தாள். சுமதி இடுப்பிலிருந்து அந்த நாடாவை எடுத்துக் கொடுத்தார்.

ஆடிப்பெருக்கன்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சார் வரவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா. போறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு சொல்லிட்டுப் போ" என்றார். மருந்து தினமும் ஊசியாகப் போய்க்கொண்டிருந்தது. சுமதியே போடப் பழகியிருந்தார். காய்ச்சல் இல்லை. நோய் அடியோடு போய்விட்டதா என்றால், அப்படி யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. மூட்டு வீக்கம் வடிய நாளாகும் என்பது எனக்குத் தெரியும். அதனால், "இழுத்துக் கட்டுமளவுக்கு விரல் வராது சார், யாராவது கைகொடுக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

தறிக்குழிக்குப் பக்கத்தில் கோலம் போட்டு மணையைப் போட்டிருந்தார்கள். ரேவதி கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். பெரியம்மா புது மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கழுத்தில் வைத்து முதலிரண்டு முடிச்சுகளைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். பூவிழி பின்னால் போய் நின்றாள். முதல் தடவை கயிறு நழுவியது. யாரோ உதவிக்கு வர, "தொடாதீங்க" என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு விரலை மடக்கினாள். அந்த விரல் மடங்கியது. வளையத்துக்குள் நுனியை நுழைத்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"அய்யோ, மூச்சு முட்டுதுடி, போதும்!" என்றாள் ரேவதி.

எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பூவிழி மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தேடிப் பிடித்து, "டாக்டர்மா, வந்து பாருங்க. பாஸா, பெயிலா?" என்று கேட்டாள்.

ஆசைப்பட்ட முடிவு வந்தால் நம்பாதே என்று என்னைப் பழக்கியிருந்தார்கள். நான் சொல்லிவிட்டுக் கிளம்பியதோ வேறு. ஆகவே அருகில் போய்க் குனிந்தேன். "தாராளமா இழுத்துப் பாருங்கமா" என்றாள் ரேவதி. அந்த முடிச்சை விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன்.

அவிழவில்லை.